தொடுதிரையும் எழுத்தறியா முதுமையும்: கைக்கணினிவழி அறிதிறன் முன்சோதனைகள் குறித்த மொழிசார் திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

முதியோரிடம் தோன்றும் அறிதிறன் குறைபாட்டைத் தொடக்கத்திலேயே இனங்காணக் கைக்கணினிவழித் தேர்வுகள் பரவலாக முன்மொழியப்படுகின்றன. இத்தேர்வுகள் தேர்வாளரின் சார்பை நீக்குபவை, மொழி எல்லையைக் கடப்பவை, எளிதில் பெருந்தொகையினருக்குச் செலுத்தத்தக்கவை என்று கூறப்படுகிறது. இக்கூற்றுகளைத் தமிழ் முதியோரின் மொழிச்சூழலில் வைத்து இக்கட்டுரை திறனாய்கிறது. எழுத்தறியா முதியோருக்கென இந்தியாவில் முன்னரே செய்யப்பட்ட திருத்தங்கள் தேர்வாளரின் முகத்தையும் குரலையும் அடிப்படையாகக் கொண்டவை. கைக்கணினி அவ்விரண்டையும் அகற்றி, எழுத்துப் பழக்கத்தை வேண்டும் ஒரு பரப்பை அவ்விடத்தில் வைக்கிறது. எனவே சொற்களை மட்டும் தமிழாக்கிய கருவி, மறதியை அளப்பதாகக் கருதிக் கல்வியின்மையை அளக்கும் வாய்ப்பு மிகுதி என்பது இக்கட்டுரையின் முடிபு.

திறவுச்சொற்கள்: அறிதிறன் குறைபாடு, கைக்கணினி, முன்சோதனை, இரட்டை வழக்கு, எழுத்தறிவு, மறதிநோய், மொழியாக்கம்.

முன்னுரை

மறதிநோய் முதுமையின் இயல்பான விளைவன்று. மூளையின் நோய்களால் நினைவும் மொழியும் முடிவெடுக்கும் ஆற்றலும் படிப்படியாகச் சிதைவதாகும். இந்தியாவில் 2017 முதல் 2020 வரை திரட்டப்பட்ட தரவுகளைக் கொண்ட தேசிய அளவிலான ஆய்வொன்று, 60 வயதைக் கடந்தோரில் 7.4 விழுக்காட்டினருக்கு, அதாவது ஏறத்தாழ 88 இலட்சம் பேருக்கு மறதிநோய் இருப்பதாக மதிப்பிட்டது. ஆண்களைவிடப் பெண்களிடமும், நகரத்தாரைவிட ஊரகத்தாரிடமும் அது மிகுதியாகக் காணப்பட்டது. இத்தனை பேரையும் நேரில் ஆய்ந்து நோயை உறுதிசெய்வதற்கு வேண்டிய நரம்பியல், மனநல மருத்துவர்கள் நாட்டில் இல்லை. மேற்சோதனை தேவைப்படுவோரை முதலில் பிரித்தறியும் முன்சோதனைகளின் தேவை இங்கிருந்தே எழுகிறது.

பேச்சில் டேப்லெட் எனப்படும் கைக்கணினி இத்தேவைக்குரிய விடையாக முன்வைக்கப்படுகிறது. அதன் மருத்துவப் பயனைப் பற்றிய விவாதங்கள் பெரும்பாலும் கண்டறியும் துல்லியத்தைச் சுற்றியே நிகழ்கின்றன. தேர்வு ஒரு மொழிப் பனுவலும் ஆகும். அது ஒருவரை விளிக்கிறது, ஏவுகிறது, வினவுகிறது, விடையைச் சரி அல்லது பிழை எனத் தீர்க்கிறது. அப்பனுவலின் தமிழ் எத்தகையது என்னும் வினா உரிய கவனத்தைப் பெறவில்லை. அவ்வினாவை இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது.

1. தாளிலிருந்து திரைக்கு

இன்றைய முன்சோதனைகளுக்கு மூலமாக அமைந்தவை தாளும் எழுதுகோலும் கொண்ட இரு தேர்வுகள். மார்ஷல் ஃபோல்ஸ்டீன், சூசன் ஃபோல்ஸ்டீன், பால் மெக்ஹியூ ஆகியோர் 1975-இல் வெளியிட்ட குறு மனநிலைத் தேர்வு முதலாவது. ஸியாத் நஸ்ரதீனும் அவர்தம் குழுவினரும் 2005-இல் வெளியிட்ட மாண்ட்ரியல் அறிதிறன் மதிப்பீடு இரண்டாவது. இரண்டும் 30 மதிப்பெண் கொண்டவை. நாள், இடம் பற்றிய தெளிவு, சொற்களை நினைவில் வைத்தல், கழித்தல் கணக்கு, தொடரைத் திருப்பிச் சொல்லுதல், வரைதல் முதலிய பணிகளால் ஆனவை.

திரைவழித் தேர்வுகளும் புதியன அல்ல. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் 1980-களில் உருவான கேன்டாப் என்னும் தேர்வுத்தொகுதி தொடக்கம் முதலே தொடுதிரையைப் பயன்படுத்தியது. அமெரிக்க தேசிய நலவாழ்வு நிறுவனங்களின் கருவித்தொகுப்பு பின்னர் ஐபேடுக்கு மாற்றப்பட்டது. மாண்ட்ரியல் மதிப்பீட்டுக்கும் மின்வடிவம் உண்டு.

இக்கருவிகளின் உண்மையான பயன்களை மறுப்பதற்கில்லை. எல்லோருக்கும் ஒரே வேகத்தில், ஒரே குரலில் வினாக்கள் சென்றடைகின்றன. மதிப்பெண் கூட்டுவதில் பிழை நேர்வதில்லை. தாளில் எஞ்சுவது முடிந்த படம் மட்டுமே; மின்கருவியோ படம் உருவான வழியையும் பதிவு செய்கிறது. கடிகாரம் வரையும் தேர்வை மின்பேனாவால் பதிவுசெய்த அமெரிக்க ஆய்வாளர்கள், கோடுகளுக்கு இடையே கை நிற்கும் நேரமும் நோயறிய உதவும் எனக் காட்டினர். முடிவில் ஒரே மாதிரியாகத் தோன்றும் இரு கடிகாரங்களுள் ஒன்று தயங்கித் தயங்கி வரையப்பட்டது என்பதைத் தாளால் சொல்ல இயலாது. எனினும் அத்தயக்கம் எதனால் வந்தது என்பதைக் கருவியாலும் சொல்ல இயலாது. இக்கட்டுரையின் திறனாய்வு தொடங்கும் இடம் அதுவே.

2. முகம் இருந்த இடத்தில் எழுத்து

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 60 வயதைக் கடந்த ஆண்களில் ஏறத்தாழ 59 விழுக்காட்டினரும் பெண்களில் ஏறத்தாழ 28 விழுக்காட்டினருமே எழுத்தறிந்தோர். பள்ளிக்கூடம் செல்லாத ஒருவரிடம் பள்ளிக்கூடம் சார்ந்த பணிகளைக் கொடுத்து, அவர் தவறும்போது அதை மூளையின் குறை எனக் கொள்வது அடிப்படைப் பிழையாகும். இதனை இந்திய ஆய்வுலகம் முன்னரே உணர்ந்திருந்தது.

அரியானாவின் பல்லப்கர் பகுதியில் ஊரக முதியோரை ஆய்ந்த மேரி கங்குலியும் உடன் ஆய்வாளர்களும் 1995-இல் இந்தி மனநிலைத் தேர்வை வெளியிட்டனர். மூலத் தேர்வில், கண்களை மூடுமாறு எழுதப்பட்ட ஆணையைப் படித்து அதன்படி செய்ய வேண்டும். இந்தி வடிவத்தில் தேர்வாளர் தம் முகத்தைப் பார்த்துத் தாம் செய்வதைச் செய்யுமாறு கூறித் தம் கண்களை மூடுகிறார். ஒரு தொடரை எழுதும் பணிக்குப் பதிலாக வீட்டைப் பற்றி ஒன்று சொல்லுமாறு கேட்கப்படுகிறது. எழுத்து இருந்த இடத்தில் முகமும் பேச்சும் வைக்கப்பட்டன. இத்திருத்தங்கள் மொழிபெயர்ப்பு என்னும் அளவில் நிற்பன அல்ல. எதை அளக்க வேண்டுமோ அதைக் காத்து, அளக்கும் வழியை மாற்றிய மறுபடைப்புகள்.

கைக்கணினி இம்மாற்றத்தைத் தலைகீழாக்குகிறது. திரையில் முகம் இல்லை. ஆணை எழுத்தாகவோ பதிவுசெய்த குரலாகவோ வருகிறது. படக்குறி, பொத்தான், அம்புக்குறி, அடுத்த பக்கம் ஆகிய அனைத்தும் அச்சுப் பண்பாட்டின் வழித்தோன்றல்கள். இடமிருந்து வலமாகப் பார்த்தல், கட்டத்துக்குள் இருப்பதைத் தனியலகாகக் கொள்ளுதல், தட்டையான கோட்டுருவை முப்பரிமாணப் பொருளாக உணர்தல் ஆகியவற்றைப் பள்ளியும் அச்சுமே பழக்குகின்றன. சொல் இல்லாத படத்தேர்வுகள் பண்பாட்டுச் சார்பற்றவை என்னும் கருத்தை ஆல்ஃப்ரெடோ ஆர்டிலா போன்ற நரம்பு உளவியலாளர்கள் கல்லாதாரிடையே நடத்திய ஆய்வுகளின்வழி மறுத்துள்ளனர். ஆகவே மொழியைத் தவிர்த்துவிட்டதாகக் கூறும் திரைத்தேர்வும் எழுத்தறிவைத் தவிர்த்துவிடவில்லை.

கல்வி வேறுபாட்டுக்கு ஈடாக மதிப்பெண் கூட்டும் முறையும் போதுமானதன்று. மாண்ட்ரியல் மதிப்பீடு 12 ஆண்டுகள் அல்லது அதற்குக் குறைவாகப் பயின்றோருக்கு ஒரு மதிப்பெண் கூட்டுகிறது. மேல்நிலைப் பள்ளியை முடித்தவரும் பள்ளி வாசலை மிதியாதவரும் அங்கு ஒரே சலுகையைப் பெறுகின்றனர். கல்வி வரலாறு மாறுபட்ட ஒரு சமூகத்தில் பிறந்த இக்கணக்கு, தமிழ் ஊரகத்து மூதாட்டிக்குப் பொருந்தும் என எதிர்பார்ப்பதற்கில்லை.

3. தமிழாக்கத்தின் சிக்கல்கள்

இந்திய மருத்துவ ஆராய்ச்சி மன்றம் உருவாக்கிய நரம்பு அறிதிறன் கருவித்தொகுப்பு முதற்கட்டத்தில் இந்தி, வங்காளம், தெலுங்கு, கன்னடம், மலையாளம் ஆகிய ஐந்து மொழிகளில் அமைந்தது. தமிழ் அவற்றுள் இல்லை. யாழ்ப்பாணச் சூழலில் மாண்ட்ரியல் மதிப்பீட்டின் தமிழ் வடிவம் ஏற்புடைமை ஆய்வுக்கு உட்படுத்தப்பட்டு, அம்முடிவுகள் 2020-இல் வெளியாயின. இத்தகைய முயற்சிகள் திரைக்குப் பெயரும்போது கருத வேண்டிய சிக்கல்கள் மூன்று.

3.1 இரட்டை வழக்கு

எழுத்து வழக்கும் பேச்சு வழக்கும் தெளிவாகப் பிரிந்து இயங்கும் மொழி தமிழ். தொடரைத் திருப்பிச் சொல்லும் பணியில் இப்பிரிவு நேரடியாகக் குறுக்கிடுகிறது. ‘அவன் நேற்று வீட்டிற்குச் சென்றான்’ என்று பதிவுக்குரல் சொல்வதாகக் கொள்வோம். மூதாட்டி ‘அவன் நேத்து வீட்டுக்குப் போனான்’ என்கிறார். செய்தி முழுமையாக நினைவில் நின்றது. காலமும் இடமும் வினையும் வழுவவில்லை. அவர் கேட்டதைப் புரிந்துகொண்டு தம் வழக்கில் மறுபடி ஆக்கியிருக்கிறார். அது நலமான அறிதிறனின் அடையாளம். ஆனால் சொல்லுக்குச் சொல் ஒப்பிடும் கணிப்பொறிக்கு அது பிழை. செய்தித்தாள் படித்துப் பழகியவர் எழுத்து வழக்கை அப்படியே திருப்பித் தருவார். அவருடைய முழு மதிப்பெண்ணில் ஒரு பங்கு படிப்புக்கு உரியது.

பேச்சு வழக்கைத் தேர்ந்தால் சிக்கல் தீர்ந்துவிடும் எனவும் கொள்வதற்கில்லை. நெல்லையும் கோவையும் சென்னையும் யாழ்ப்பாணமும் மட்டக்களப்பும் ஒரே பேச்சை உடையன அல்ல. நேரில் இருக்கும் தேர்வாளர் எதிரிலிருப்பவரின் வழக்குக்குத் தம்மை இணக்கிக்கொள்வார். பதிவுக்குரல் எல்லோரிடமும் ஒரே தமிழைப் பேசும். சீர்மை எனப் போற்றப்படும் பண்பே இங்கு சமனின்மையாகிறது: ஒரே ஒலி எல்லோருக்கும் ஒரே அளவு எளிமையானதன்று.

விளிக்கும் முறையும் இதனோடு சேர்த்து எண்ணத்தக்கது. ‘திரையைத் தொடவும்’, ‘தொடர்க’ என்பன அறிவிப்புப் பலகையின் தமிழ். நேர்காணலில் ‘அம்மா, இதைத் தொடுங்க’ என்றோ ‘ஐயா, இன்னொரு தடவை சொல்லட்டுமா’ என்றோ வரும். மரியாதையும் உறவும் கலந்த அவ்விளி அச்சத்தைத் தணிப்பது. அஞ்சியவர் மறப்பார் என்பது தேர்வு எழுதிய எவரும் அறிந்ததே.

3.2 எழுத்தும் ஒலியும்

குறித்த எழுத்தில் தொடங்கும் சொற்களை ஒரு நிமிடத்தில் இயன்றவரை சொல்லுதல் சொல்வளத் தேர்வின் ஒரு வகை. ஆங்கிலத்தில் எஃப் என்னும் எழுத்து தரப்படுகிறது. தமிழில் ‘க’ எனத் தந்தால், ‘காடு’, ‘கிணறு’, ‘குடம்’ ஆகியவை ஏற்கத்தக்கனவா? ஒலியை நோக்கினால் மூன்றும் ஒரே மெய்யில் தொடங்குகின்றன. எழுத்தை நோக்கினால் மூன்றும் வெவ்வேறு. உயிரும் மெய்யும் கலந்து நிற்கும் தமிழ் எழுத்தமைப்பில் இவ்வினாவுக்கு இயல்பான ஒரே விடை இல்லை. தேர்வை அமைப்பவர் விதி வகுத்தாக வேண்டும். அவ்விதியை எழுத்தறியாதவருக்கு விளக்குவதும் அரிது. சொல்லைத் தனி ஒலிகளாகப் பிரித்தறியும் பழக்கமே பெரிதும் எழுத்தறிவால் வருவதாகும்.

எண்ணையும் எழுத்தையும் மாறிமாறி இணைக்கும் பாதைத்தேர்வும் இவ்வாறானதே. 1, அ, 2, ஆ எனச் செல்ல நெடுங்கணக்கு மனப்பாடமாக இருக்க வேண்டும். 1990-களின் அறிவொளி இயக்கத்தில் சொற்களின் வழியே படிக்கக் கற்ற பெண்ணுக்குப் படிக்கத் தெரியலாம். வரிசை தெரிந்திருக்க வேண்டுவதில்லை. அவருடைய தயக்கத்தைக் கருவி நொடிக்கணக்கில் துல்லியமாகப் பதிவு செய்யும். பொருளைத் தவறாகக் கொள்ளும்.

விலங்குகளின் பெயர்களைச் சொல்லச் சொல்வது இவற்றினும் நியாயமான பணி. அங்கும் மதிப்பெண் இடும் விதி வேண்டும். கால்நடை வளர்க்கும் ஒருவர் பசு, காளை, கன்று, கிடாரி, எருமை, வெள்ளாடு, செம்மறி என அடுக்குவார். இவற்றைத் தனித்தனியாகக் கொள்வதா, மாடு, ஆடு என இரண்டாகச் சுருக்குவதா? ஊர் அறிந்த தேர்வாளர் இச்சொற்களின் வேறுபாட்டை உணர்வார். பேச்சைத் தானாக அறியும் மென்பொருள், தன் அகராதியில் ‘கிடாரி’ இல்லாவிடில் அதைக் கேளாமலே விடும்.

3.3 காலத்தைக் கேட்டல்

நாள், மாதம், பருவம் பற்றிய வினாக்கள் இத்தேர்வுகளின் முதன்மையான பகுதி. தமிழ் முதியோர் பலரின் காலக்கணக்கு கிழமையாலும் அமாவாசையாலும் திருவிழாவாலும் தமிழ் மாதத்தாலும் ஆனது. ‘ஆடி பதினெட்டு முடிஞ்சு மூணு நாள் ஆச்சு’ என்பவர் நாளைத் துல்லியமாக அறிந்தவர். திரையில் சனவரி முதல் திசம்பர் வரையிலான பட்டியல் மட்டும் தோன்றினால் அவருடைய அறிவைச் சுட்ட அங்கு இடமில்லை. பருவத்தைப் பற்றிய வினா இன்னும் சிக்கலானது. மூலத்தேர்வு நான்கு பருவங்களை முற்கொண்டது. தமிழ் இலக்கண மரபு ஆறு பெரும்பொழுதுகளை வகுத்தது. நடைமுறை வாழ்வில் வெயில், மழை, பனி என்னும் பகுப்பே வழங்குகிறது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் ‘மழைக்காலம்’ என்பதே சரியான விடை. ‘இலையுதிர்காலம்’ என்னும் தெரிவைத் தருவது வினாவையே பொருளற்றதாக்கும்.

4. விரலும் விழியும் செவியும்

தொடுதிரை விரலின் மின்தன்மையை உணர்ந்து இயங்குவது. முதுமையால் வறண்ட தோலையும் உழைப்பால் காய்த்த விரலையும் அது சில வேளைகளில் உணர்வதில்லை. நடுக்கமுள்ள விரல் ஒருமுறைக்கு இருமுறை தொடும். மூட்டுவலி உள்ளவர் அழுத்தி நிற்பார். கண்புரையும் திரையின் கூசொளியும் சேர்ந்தால் கட்டங்கள் மங்கும். செவித்திறன் குறைந்தவருக்குச் சிறு ஒலிபெருக்கியில் ஒருமுறை மட்டும் சொல்லப்படும் சொற்பட்டியல் முழுமையாகச் சென்று சேராது. சென்று சேராத சொல்லை நினைவுகூரவில்லை என்பது மறதியன்று.

இதில் ஒரு கூடுதல் சிக்கலும் உண்டு. லான்செட் ஆணையத்தின் 2024 அறிக்கை, மறதிநோய்க்கான மாற்றத்தக்க 14 இடர்க்காரணிகளுள் செவித்திறன் இழப்பையும் சரிசெய்யப்படாத பார்வை இழப்பையும் சேர்த்துள்ளது. நோயின் இடர்க்காரணியே தேர்வின் இடையூறாகவும் அமைவதால், குறைந்த மதிப்பெண் எதனைக் காட்டுகிறது எனப் பிரித்தறிவது கடினமாகிறது. பார்வையும் செவியும் முதலில் சோதிக்கப்படாத எந்தத் திரைத்தேர்வின் முடிவும் அரைகுறையானதே.

5. எண்களின் நியாயம்

பிழையின் அளவை ஒரு கற்பனைக் கணக்கால் விளக்கலாம். 60 வயதைக் கடந்த 1000 பேரில் 74 பேருக்கு மறதிநோய் உண்டு எனவும், தேர்வு நோயுள்ளோரில் 85 விழுக்காட்டினரையும் நோயில்லாரில் 85 விழுக்காட்டினரையும் சரியாக இனங்காணும் எனவும் கொள்வோம். நோயுள்ளோரில் 63 பேர் கண்டறியப்படுவர். 11 பேர் தவறவிடப்படுவர். நோயில்லாத 926 பேரில் 139 பேர் ஐயத்துக்குரியோர் எனக் குறிக்கப்படுவர். குறிக்கப்பட்ட 202 பேரில் உண்மையில் நோயுள்ளோர் மூன்றில் ஒருவருக்கும் குறைவு. கல்லாதாரிடையே, நோயில்லாரைச் சரியாக விலக்கும் திறன் 70 விழுக்காடாகக் குறைந்தால் தவறாகக் குறிக்கப்படுவோர் 278 ஆவர். அப்போது குறிக்கப்பட்டோரில் நோயுள்ளோர் ஐந்தில் ஒருவருக்கும் குறைவு.

தவறாகக் குறிக்கப்படுவதன் விலையும் எண்ணத்தக்கது. யாழ்ப்பாணத் தமிழில் ‘அறளை பெயர்தல்’ என்னும் தொடர் முதுமைத் தடுமாற்றத்தைக் குறிப்பது; அது ஒருவர்மேல் விழுந்தால் அவர் சொல்லுக்கு வீட்டில் மதிப்புக் குறையும். சொத்து, வங்கிக் கணக்கு, தனித்து வாழும் உரிமை ஆகியவற்றில் அவருடைய முடிவு ஐயத்துக்கு உள்ளாகும். கருவியின் பெயரால் வரும் சொல் ஊராரின் கேலியைவிட வலியது. அதை மறுக்க அம்முதியவரிடம் வேறு கருவி இல்லை.

மறுபுறம், முன்சோதனையால் விளையும் நன்மையும் இன்னும் உறுதிப்படவில்லை. அமெரிக்கத் தடுப்புச் சேவைகள் பணிக்குழு, அறிகுறி இல்லாத முதியோர் அனைவரையும் சோதிப்பதன் நன்மை தீமைகளை எடைபோடச் சான்று போதாது என 2020-இல் அறிவித்தது. இந்தியானாவில் 65 வயதைக் கடந்த 4005 பேரிடம் நடத்தப்பட்ட ஆய்வில், சோதிக்கப்பட்டோருக்கும் சோதிக்கப்படாதோருக்கும் இடையே ஓராண்டு முடிவில் வாழ்க்கைத்தரத்தில் வேறுபாடு தென்படவில்லை. சோதனையால் மனச்சோர்வோ பதற்றமோ கூடவும் இல்லை. மேற்சோதனைக்கும் பராமரிப்புக்கும் வழியில்லாத இடத்தில் முன்சோதனை, பெயர் சூட்டுவதோடு நின்றுவிடும்.

6. மாற்றுவழிகள்

எழுத்தறியாச் சமூகங்களுக்கென அமைந்த முன்மாதிரிகள் உள்ளன. கனடாவின் கிரீ பழங்குடியினரிடையே முதலில் பயன்படுத்தப்பட்ட சமூக முன்சோதனை நேர்காணல், முதியவரிடம் கேட்கும் வினாக்களோடு அவரை அறிந்த ஒருவரிடம் கேட்கும் வினாக்களையும் இணைத்தது. இதனை உள்ளடக்கிய 10/66 ஆய்வுக்குழுவின் முறை சென்னையிலும் வேலூர்ப் பகுதி ஊர்களிலும் பயன்படுத்தப்பட்டது. 2008-இல் வெளியான அதன் முடிவு வியப்பளிப்பது. அமெரிக்க உளமருத்துவக் கையேட்டின் நான்காம் பதிப்பின் வரையறைப்படி ஊரக இந்தியக் களத்தில் மறதிநோய் உள்ளோர் வெறும் 0.3 விழுக்காடு. 10/66 குழுவின் வரையறைப்படியோ ஆய்வுக்களங்கள் அனைத்திலும் அவ்வளவு 5.6 முதல் 11.7 விழுக்காடு வரை அமைந்தது. பாட்டியின் வேலைகளை மருமகளும் பேத்தியும் ஏற்றுக்கொண்ட வீட்டில், அன்றாடச் செயல்களில் குறை உண்டா எனக் கேட்டால் இல்லை என்றே விடை வரும். எனவே வீட்டாரின் சொல்லும் தானே போதிய சான்றாகாது. அவ்வீட்டின் வாழ்முறைக்கு ஏற்ப வினா அமைய வேண்டும். ‘சமைக்கிறாரா’ என்பதைவிட ‘உப்புப் போட்டதை மறந்து மறுபடி போடுகிறாரா’, ‘பேரப்பிள்ளைகளின் பெயரை மாற்றி அழைக்கிறாரா’, ‘கடைக்குப் போய் வழி தெரியாமல் நின்றதுண்டா’ என்பன பயனுள்ளவை.

இவற்றின் அடிப்படையில் தமிழ்க் கைக்கணினித் தேர்வுக்குச் சில நெறிகள் வகுக்கலாம். கருவி தேர்வாளரின் கையில் இருத்தல் வேண்டும். முதியவர் திரையோடு அன்றி மனிதரோடு பேச வேண்டும். காலம் அளத்தல், பதிவு செய்தல், கூட்டுதல் ஆகியவை கருவியின் பணிகளாகலாம். விளித்தலும் விளக்குதலும் வழக்குக்கு இணங்குதலும் மனிதரின் பணிகள். பேச்சு வழக்கு விடைகள் சரியெனக் கொள்ளப்படுவதற்கான பட்டியல் வட்டாரந்தோறும் திரட்டப்பட வேண்டும். இதில் வட்டார வழக்கு அகராதிகளும் மொழியியல் துறைகளும் மருத்துவருக்குத் துணைநிற்க இயலும். கல்லாதோர், தொடக்கக் கல்வி பெற்றோர், மேற்கல்வி பெற்றோர் எனத் தனித்தனி வரம்புகள் தமிழ்த் தரவுகளிலிருந்தே வகுக்கப்பட வேண்டும். மதிப்பெண் கணக்கில் சேராத பயிற்சிச் சுற்று ஒன்று தொடக்கத்தில் அமைய வேண்டும். குறைந்த மதிப்பெண் பெற்றவருக்குப் பார்வை, செவி, மனச்சோர்வு, தைராய்டு, வைட்டமின் பி12 ஆகியவற்றை ஆய்ந்த பின்னரே மறதிநோய் என்னும் ஐயம் எழுப்பப்பட வேண்டும். தமிழ்நாட்டில் 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ போல வீடுதேடிச் செல்லும் திட்டங்கள் வருங்காலத்தில் இத்தேர்வுகளை ஏற்க எண்ணினால், இந்நெறிகள் முன்னரே நிறைவேறியிருத்தல் இன்றியமையாதது.

முடிவுரை

கைக்கணினியைத் தவிர்ப்பது இக்கட்டுரையின் பரிந்துரையன்று. தாளில் தொலைந்துபோகும் தயக்கங்களையும் இடைவெளிகளையும் காக்கும் கருவி அது. ஆனால் அக்கருவி காட்டும் எண், பள்ளி, எழுத்து, வழக்கு, விரல், விழி ஆகியவற்றின் வழியாக வந்த எண். நினைவிலிருந்து நேரே வந்ததன்று. பல்லப்கரில் ஒரு தேர்வாளர் எழுதிய ஆணையை விலக்கிவிட்டுத் தம் கண்களை மூடிக் காட்டியபோது, அளவையின் துல்லியம் குறையவில்லை. அளக்க வேண்டியதை அளக்கும் தகுதியை அது பெற்றது. தமிழில் இனி வரும் திரைத்தேர்வுகள் அத்தகுதியை ஏற்புடைமை ஆய்வுகளால் மெய்ப்பிக்க வேண்டும். மெய்ப்பிக்கும் வரை, கல்லாத முதியவர் ஒருவரின் குறைந்த மதிப்பெண்ணுக்கு அவரைவிடத் தேர்வே முதலில் விளக்கம் தரக் கடமைப்பட்டது.